சேது நாட்டில் யாளி வேட்டை

வீணை இருக்கிற வீடாக இருந்தால், ஒரு நிமிஷம் இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு அதன் உறையைச் சற்று விலக்கிப் பாருங்கள். தண்டி முடிந்து வளைந்து தலை குனிகிற இடத்தில் ஒரு முகம் இருக்கும். பிதுங்கிய கண், பிளந்த வாய், முறைப்பான புருவம். எத்தனையோ வருஷமாக நம் மடியருகிலேயே கிடக்கிற அந்த முகத்தை, "நீ என்ன பிராணி?" என்று நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. வீணை இல்லாத வீடாக இருந்தாலும் பாதகமில்லை. பூஜை அறையில் சுவாமிக்குப் பின்னால் திருவாசி இருக்கிறதல்லவா? அது இரண்டு பக்கமும் எங்கிருந்து கிளம்புகிறது என்று குனிந்து பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மகரங்களின் வாயிலிருந்து கிளம்பும். உச்சியில் நடுநாயகமாக ஒரு முகம் கண்ணை உருட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் ஒரே குடும்பம்தான்.

யாளிக் குடும்பம் பெரிய குடும்பம். சிங்க முகம் என்றால் சிம்ம யாளி. யானை முகம் என்றால் கஜ யாளி. குதிரை முகம், மகர முகம் என்று இன்னும் உண்டு. சங்க காலத்துப் புலவர்கள் 'ஆளி' என்று சொன்னதும் இதைத்தான். யானையையே அடித்துப் போடுகிற மிருகம் என்று அவர்கள் பாடி வைத்தார்கள். அதனால்தான் மண்டபத் தூண்களில் யாளியின் காலடியில் ஒரு யானை, பாவம், நாய்க்குட்டி அளவில் நின்று விழிக்கிறது.

இவ்வளவையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, எங்கள் அண்ணா பெண் டிராகன் வரைவதற்குச் சீனா வரைக்கும் போய்விட்டாள். போனது ஒரு புத்தகத்தின் வழியாக. முதல் படி, ஒரு முட்டை போடு. இரண்டாவது படி, அதன் மேல் சின்ன முட்டை போடு. மூன்றாவது படி, இரண்டையும் சேர். இப்படி எட்டே படிகளில் இறக்கை, நெருப்பு, வால் சகிதம் டிராகன் தயார். குழந்தைக்குப் பத்து வயது. அச்சுப் போலப் போட்டு, பச்சை வர்ணம் தீட்டி, பள்ளிக்கூடத்துச் சித்திரப் போட்டிக்கு எடுத்துப் போனாள். அங்கே போனால் பதினாலு குழந்தைகள் கையில் அதே டிராகன்! அதே முட்டை, அதே இறக்கை, அதே இடத்தில் அதே நெருப்பு. யார் படம் யாருடையது என்று குழந்தைகளுக்கே அடையாளம் தெரியவில்லையாம். வீட்டுக்கு வந்தவள் வர்ணப் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டு, "இனிமே நான் வரையவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். மன்னி இரண்டு மாதம் சமாதானம் செய்தும் பெட்டி பரணைவிட்டு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் போய் வந்து எழுதச் சொன்னார் ஆசிரியர். பள்ளிக்கூடமும் விடுமுறை. "வா, டிராகனை நேரிலேயே பார்த்துவிட்டு வரலாம்" என்று அவளையும் அழைத்துக்கொண்டு ரெயில் ஏறினேன்.

ராமநாதபுரத்தில் எங்களுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இவள் கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. அதுவே இவளுக்கு அவரிடம் பாதி மரியாதையை உண்டாக்கிவிட்டது.

"தாயி, டிராகன் இருக்கட்டும். ஒரு பல்லி போடு, பார்ப்போம்" என்றார்.

"பல்லியா?"

"பல்லிதான். ஒரு காலுக்கு எத்தனை விரல்?"

இவள் யோசித்தாள். நாலு என்றாள், இல்லை, மூன்று என்றாள். பெரியவர் உத்தரத்தைக் காட்டினார். சுவரும் உத்தரமும் சேருகிற மூலையில் ஒரு பல்லி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. நாற்காலிமேல் ஏறி நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, "அஞ்சு, தாத்தா!" என்று கத்தினாள். பல்லி ஓடிவிட்டது.

"தினம் பார்க்கிற பல்லிக்கே விரல் தெரியலே. பார்க்காத டிராகனுக்கு யாரோ போட்ட முட்டையைத்தானே போடணும்?" என்றார் பெரியவர். "யாளியிலே நீ பார்க்காத உறுப்பு ஒண்ணுகூடக் கிடையாது. நாளைக்குக் காலையிலே கிளம்புவோம்."

அன்று மாலை எங்களுக்கு ராமலிங்க விலாசம் பார்க்க நேரம் இருந்தது. கிழவன் சேதுபதி கட்டிய அரண்மனை மண்டபம் அது. உள்ளே சுவர் முழுவதும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய சித்திரங்கள். தஞ்சை மராட்டியருடன் சேதுபதிக்கு நடந்த சண்டை, ராஜராஜேசுவரி அம்மனே சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கிற காட்சி, தொப்பி போட்ட ஐரோப்பியர்கள் தர்பாருக்கு வருவது, ராமாயணம், பாகவதம். இப்போது தொல்லியல் துறையின் காட்சியகம். சிவப்பும் மஞ்சளும் பல இடங்களில் மங்கிவிட்டன. சில இடங்களில் சுவரே உதிர்ந்திருக்கிறது. இவள் குதிரைகளின் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை, கழுத்திலேருந்து முதுகு வரைக்கும் கையை எடுக்காம ஒரே கோடா போட்டிருக்காங்க!" என்றாள். அப்போதே ஏதோ நடக்க ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

உத்தரகோசமங்கை ராமநாதபுரத்துக்குத் தென்மேற்கே சுமார் 18 கிலோமீட்டர். வழியெல்லாம் கருவேலமும் பனையும் வறண்ட கண்மாய்களும். "மண் முந்தியோ, மங்கை முந்தியோ" என்று இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கு உண்டு. அவ்வளவு பழைய ஊராம். மங்களநாதர் கோயில். இங்கேதான் அந்த மரகத நடராஜர் இருக்கிறார். வருஷம் முழுவதும் சந்தனக் காப்பில் மூடியிருந்து, மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் காப்புக் களைந்து தரிசனம் தருகிறார். மற்றச் சிவன் கோயில்களில் தள்ளி வைத்திருக்கிற தாழம்பூவை இங்கே சுவாமிக்குச் சாத்துகிறார்கள். தலையில் வைத்துக்கொள்ளத் தாழம்பூ கிடைக்காதா என்று பட்டணத்தில் ஏங்குகிற சகோதரிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

நாங்கள் தேடி வந்தவர்கள் வழியிலேயே காத்திருந்தார்கள். இரண்டு கல் யாளிகள். வாயைத் திறந்துகொண்டு, பல் வரிசையைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் ஒரு கல் பந்து. கையை உள்ளே விட்டு அதை உருட்டலாம். வெளியே மட்டும் எடுக்க முடியாது. பந்தை எப்படி உள்ளே போட்டார்கள் என்று கேட்காதவர் இல்லை. போடவே இல்லை என்பதுதான் பதில். யாளி, வாய், பல், பந்து எல்லாம் ஒரே கல். பல்லிடுக்கு வழியாக உளியை விட்டு, உள்ளே இருக்கிற கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிலும் செதுக்கி, கடைசியில் தாயினிடமிருந்து விடுவித்திருக்கிறார்கள். ஓர் உளி தவறியிருந்தால் பல் போயிருக்கும். பல் போன யாளியை யார் தூணில் வைப்பார்கள்?

இவள் பந்தை உருட்டினாள், மறுபடியும் உருட்டினாள், பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கும் வரை உருட்டினாள். பிறகு பெரியவர் தரையில் உட்காரச் சொன்னார். பாடம் ஆரம்பமாயிற்று.

முதலில் பென்சிலே கொடுக்கவில்லை. "பிடரியிலே ஆரம்பிச்சு வால் நுனி வரைக்கும் காத்திலே விரலாலே ஓட்டு. மூச்சை விடாம ஓட்டு" என்றார். பத்துத் தடவை ஓட்டிய பிறகுதான் பென்சில் வந்தது. அப்போதும் அந்த ஒரு கோடுதான். பாம்பு படமெடுத்தாற் போலக் கழுத்தில் நிமிர்ந்து, முதுகில் உள்வாங்கி, இடுப்பில் புடைத்து, வாலில் சுருளுகிற கோடு. அதற்குப் பெயர் முதுகெலும்புக் கோடு என்றார். அதிலே மார்பு இருக்கிற இடத்தில் ஒரு தேங்காய், இடுப்பு இருக்கிற இடத்தில் ஒரு மாங்காய். நடுவே இடை உடுக்கை மாதிரி சிறுத்திருக்க வேண்டும். பிறகு பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, தலை எத்தனை தடவை உடம்புக்குள் அடங்குகிறது என்று அளக்கச் சொன்னார். இவள் ஒரு கண்ணை மூட முடியாமல் இரண்டையும் மூடிக்கொண்டு பட்ட அவஸ்தையைப் பார்த்து அர்ச்சனைத் தட்டுக்காரர்கூட நின்று சிரித்தார்.

உறுப்புகள் வந்தபோது எங்கள் பாடம் சமையற்கட்டுக்குப் போய்விட்டது. காது ஒரு கொழுந்து வெற்றிலை. பல் வரிசை பூண்டுப் பல். நகம் முந்திரிப் பருப்பு. பிடரி மயிர், பிழிந்து வைத்த தேன்குழல். கொம்பு இருந்தால் அது புளியங்காய். துதிக்கையின் நுனி 'அ' எழுதும்போது முதலில் போடுகிறோமே, அந்தச் சுழி. இவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை சிரித்து, ஒரு தடவை யாளியைப் பார்த்து, ஒரு தடவை போட்டாள். வந்த உருவம், உண்மையைச் சொல்வதானால், பட்டினி கிடந்த பூனை மாதிரிதான் இருந்தது. வளைவுகளில் கை தயங்கித் தயங்கி, கோடு கோணிக்கொண்டு போயிற்று. முகம் சுண்டிவிட்டது. நோட்டை மூடப் போனாள்.

அப்போது வாசலில் பூ விற்கிற அம்மாள் ஒருத்தி, அதுவரையில் தாழை மடலைப் பிரித்துக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து வந்தாள்.

"ஏத்தா, கோலம் போடுவியா?"

"எங்க வீட்டிலே ஸ்டிக்கர் கோலம்" என்றாள் இவள்.

அந்த அம்மாள் அதைக் கேட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மணலில் உட்கார்ந்து விரலால் ஐந்து புள்ளி வைத்தாள். "இது பிடரி. இது தோளு. இது இடுப்பு. இது வாலு முளைக்கிற எடம். இது வாலு சுருளுற எடம். இப்ப புள்ளியைத் தொடாம சுத்திக்கிட்டு வா. புள்ளி எங்கயும் போகாது. கையி தானா வரும்."

கை தானாகவே வந்தது. சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்குத் தெரியும்: கோட்டைப் பார்த்துக்கொண்டு போனால் தடுமாறும்; அடுத்த புள்ளியைப் பார்த்துக்கொண்டு போனால் தடுமாறாது. மணலில் நாலு தடவை, தாளில் இரண்டு தடவை. ஆறாவது யாளிக்கு முதுகு வந்துவிட்டது. பெரியவர் பூக்காரம்மாளைக் கும்பிட்டு, "முப்பது வருஷமா நான் நாக்கு வறளச் சொன்னதை, ஆத்தா அஞ்சு புள்ளியிலே சொல்லிப்பிட்டியே!" என்றார். அவள் இரண்டு முழம் பூவை இவள் தலையில் வைத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

முதுகு வந்ததும் இவளுக்குத் துணிச்சல் வந்தது. இரண்டு யாளிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது ரெண்டும் ஒண்ணு இல்லே!" என்று கண்டுபிடித்துச் சொன்னாள். ஜோடிதான், ஆனால் அச்சில் வார்த்த ஜோடி அல்ல. எந்தக் கோயிலிலும் யாளித் தூண்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தால் இது தெரியும். அளவு ஒன்று, லட்சணம் ஒன்று, ஆனால் கை வேறு. ஒன்று முறைக்கும், அடுத்தது சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும். போட்டியில் பதினாலு டிராகன் பார்த்து மனம் உடைந்த குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவருக்கு ஒரு குறை உண்டு. கற்சிலைகளின் மேல் வெள்ளையும் வர்ணமும் அடுக்கடுக்காக அப்பிவிடுவதால், பல ஊர்களில் உளியின் நுட்பமே தெரியாமல் போய்விட்டது என்பார். அவர் வாலிபத்தில் வரைந்து வைத்திருக்கிற சில யாளிகளின் பல்லும் நகமும் இன்று தாளில்தான் இருக்கின்றனவாம். அந்த நாளில் ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற பகுதிக்காகச் சித்திரக்காரர் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிற்பத்தின் எதிரிலேயே உட்கார்ந்து கோடு கோடாக வரைந்தாரே, நினைவிருக்கிறதா? தேவன் அதற்கு விளக்கம் எழுதினார். பெரியவருடைய அம்மா அந்தப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைத்திருந்தாராம். தாம் சித்திரம் கற்றதே அந்தத் தையல் புத்தகத்தில்தான் என்றார்.

மறுநாள் கடற்கரைப் பக்கம் கிளம்பினோம். திருப்புல்லாணியில் தர்ப்பையில் படுத்திருக்கிற ராமரைச் சேவித்துவிட்டு, பெரியபட்டினம் போனோம். இப்போது பார்த்தால் மன்னார் வளைகுடா ஓரத்தில் தென்னந்தோப்பும் மணலுமாக அமைதியான ஊர். 1987-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே தோண்டிப் பார்த்தபோது, மண்ணுக்குள்ளிருந்து சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாக வந்தன. 13, 14-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அந்த நாளில் சீனத்துக் கப்பல்கள் வந்து போன துறைமுகம் இது. அவர்கள் நாட்டில் பச்சை மெருகேற்றிய பெரிய தட்டுகளில் டிராகனைப் புடைப்பாக ஒட்டிச் சுடுகிற வழக்கம் அக்காலத்தில் உண்டு.

சீனத்து டிராகனுக்கும் நம் யாளியைப் போலவே ஓர் உறுப்புப் பட்டியல் இருக்கிறது. கலைமான் கொம்பு, ஒட்டகத் தலை, பூதத்தின் கண், பாம்பின் கழுத்து, கிளிஞ்சலின் வயிறு, கெண்டையின் செதில், கழுகின் நகம், புலியின் பாதம், பசுவின் காது. ஒன்பது சாயல். செதில் 117 என்று கணக்குக்கூட வைத்திருக்கிறார்கள். மகரத்துக்கு நம் சிற்பிகள் யானைத் துதிக்கை, முதலை வாய், பன்றிக் காது, சிங்கக் கால், மயில் தோகை மாதிரி வால் என்று வைத்தார்கள். இதைச் சொன்னதும் இவள் நோட்டில் குறித்துக்கொண்டு, "அப்போ அவங்களும் பல்லியை எண்ணிப் பார்த்திருக்காங்க" என்றாள்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. சீன டிராகன் எப்போதும் ஒரு முத்தைத் துரத்திக்கொண்டிருக்கும். அல்லது நகத்தில் இடுக்கிக்கொண்டிருக்கும். அந்த நாட்டு வாசற் சிங்கங்களின் வாயிலும் உருளுகிற கல் பந்து உண்டு. நம் உத்தரகோசமங்கை யாளியைப் போலவே எடுக்க வராது. அவர்களைப் பார்த்து நாம் செய்தோம், நம்மைப் பார்த்து அவர்கள் செய்தார்கள் என்றெல்லாம் நான் வழக்காடப் போவதில்லை. அதற்குப் பண்டிதர்கள் இருக்கிறார்கள். முத்து எடுத்த கடல் எதிரே கிடக்கிறது, அவ்வளவுதான். 1961-இல் கடைசி முத்துக்குளிப்பு நடந்த கடல். அதற்குப் பிறகு குளிப்பு இல்லை.

மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தாரின் காட்சிச்சாலை இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் தவற விடக்கூடாது. அங்கே இவள் ஒரு கண்ணாடித் தொட்டியை விட்டு நகரவே இல்லை. உள்ளே கடல் குதிரை. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு யாளி! குதிரை முகம், செதில் இல்லாமல் உடம்பைச் சுற்றி வளையம் வளையமாக எலும்புக் கவசம், தலையில் சின்னக் கிரீடம். வலது கண் ஒரு பக்கம் பார்க்க இடது கண் வேறு பக்கம் பார்க்கிறது. வால் உட்பக்கமாகச் சுருண்டு கடற்புல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது மீன் இனம் என்பதைவிட, குஞ்சுகளை வயிற்றுப் பையில் சுமந்து பெறுவது ஆண்தான் என்பது தொட்டியருகே நின்ற பெண்மணிகளிடையே பெரிய சந்தோஷத்தை உண்டாக்கியது. ஒரு பாட்டி தம் பிள்ளையைக் கூப்பிட்டு, "நல்லாப் பாருடா" என்று சொன்னதை நானே கேட்டேன். முன்பெல்லாம் பாக் நீரிணையில் வலையில் விழுகிற கடல் குதிரைகளைக் காய வைத்து, சீன மருந்துக்கென்று கப்பல் ஏற்றினார்கள். 2001-இல் வனவிலங்குச் சட்டம் அதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

இவள் யாளி வால் அங்கே மாறிவிட்டது. கோயிலில் மேலே தூக்கிச் சுருண்டிருந்த வாலை அழித்துவிட்டு, எதையோ பிடித்துக்கொள்கிற மாதிரி உள்ளே சுருட்டினாள்.

பாம்பன் கடலை ரெயிலில் தாண்டினோம். 1914-இல் கட்டிய பழைய பாலம் ஓய்வு பெற்றுவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் இப்போது வண்டி போகிறது. கப்பல் வந்தால் நடுத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே எழும்புமாம். எங்களுக்காக எழும்பவில்லை. ஜன்னலுக்குக் கீழே கடல் மட்டும் இரண்டு நிறத்தில் இருந்தது.

ராமேசுவரத்துப் பிராகாரத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? மூன்றாம் பிராகாரத்தில் 1,212 தூண்கள். முத்துராமலிங்க சேதுபதி காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில் முடிந்த வேலை. இந்தத் தீவில் பவளப் பாறையும் மணலும் தவிரக் கட்டடக் கல் கிடையாது. அத்தனை கல்லும் கடல் தாண்டி வந்தது என்று நினைத்துக்கொண்டு நடந்தால், தூணுக்குத் தூண் மரியாதை கூடுகிறது. தீர்த்தமாடி ஈரத் துணியோடு ஓடுகிறவர்கள் நடுவே நாங்கள் மூன்று பேர் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனோம்.

இந்த ஊரில் பெரியவர் காட்டியது கல் வேலையை அல்ல, சுதை வேலையை. இங்கே பெரிய நந்தியே கல் இல்லை, சுதைதான். கோபுர உச்சியில், கலசங்களின் வரிசைக்கு இரண்டு முனையிலும், வாயைப் பிளந்துகொண்டு ஒரு யாளி முகம் இருக்கும். எல்லாக் கோபுரத்திலும் உண்டு. கீழேயிருந்து பார்க்கிற நமக்குத்தான் கழுத்து வலிக்கும் முன் கண் திரும்பிவிடுகிறது. அதைச் சுதையில் எப்படிக் கட்டுகிறார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, இவள் உத்தரகோசமங்கைப் பாடத்தையே மறுபடியும் கேட்பது போலத் தலையாட்டினாள். முதலில் செங்கல்லால் எலும்பு. அதன்மேல் சுண்ணாம்புச் சாந்தால் சதை. சாந்தில் கடுக்காய்த் தண்ணீரும், இந்தச் சீமையில் பஞ்சமில்லாத கருப்பட்டித் தண்ணீரும் சேரும். பிறகு நகம், பல், பிடரி. பிறகு வர்ணம். கடைசியில் கண்.

"ஏன் கண் கடைசியிலே?"

"கண்ணு திறந்தா அது உன்னைப் பார்க்க ஆரம்பிச்சிடும். அப்புறம் நீ அதைத் திருத்த முடியாது" என்றார் பெரியவர்.

சுவாமி விக்கிரகங்களுக்கும் ஸ்தபதி கண் திறப்பது கடைசியில்தான். சீனாவில் ஆறாம் நூற்றாண்டில் சாங் செங்யூ என்று ஒரு சித்திரக்காரர் இருந்தார். நான்கிங்கில் ஒரு கோயில் சுவரில் நாலு டிராகன் எழுதி, கண்ணை மட்டும் வைக்காமல் விட்டுவிட்டாராம். ஏன் என்று ஜனங்கள் தொந்தரவு செய்யவே, இரண்டுக்கு மட்டும் கண்ணில் புள்ளி வைத்தார். இடி இடித்தது, சுவர் பிளந்தது, அந்த இரண்டும் பறந்து போய்விட்டன, கண் வைக்காத இரண்டும் சுவரிலேயே தங்கிவிட்டன என்று கதை. இதை நான் சொன்னதும் இவள் தன் நோட்டைச் சட்டென்று மூடிக்கொண்டாள்.

அன்று இரவு விடுதி அறையில் படம் முழுதாயிற்று. உடுக்கை இடை, தேன்குழல் பிடரி, வெற்றிலைக் காது, பூண்டுப் பல். காலில் ஐந்து விரல். வால் நுனி ஒரு கடற்புல்லைப் பற்றிக்கொண்டிருந்தது. வாயில் பந்து, அதற்கு மட்டும் வர்ணம் தீட்டாமல் தாளின் வெண்மையையே விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அது முத்து அத்தை" என்றாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெறும் வட்டம்.

"பென்சில் தரட்டுமா?"

"வேண்டாம். உங்க கண்மை டப்பி எங்கே?"

தீக்குச்சியின் நுனியில் மையைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதலில் வலது கண். பிறகு வெகு நேரம் யோசித்துவிட்டு இடது கண். ஒன்று எங்களைப் பார்த்தது. மற்றொன்று, கடல் குதிரையைப் போல, ஜன்னல் பக்கம் பார்த்தது. பெரியவரைப் பக்கத்து அறையிலிருந்து கூட்டி வந்தோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"மாறுகண்ணா இருக்கே, தாயி. திருத்தணுமா?"

"அது பார்க்க ஆரம்பிச்சிடுச்சு, தாத்தா" என்றாள் இவள்.

சென்னைக்கு வந்த அன்று வர்ணப் பெட்டி பரணிலிருந்து இறங்கிவிட்டது. இப்போது மகரம் நடந்துகொண்டிருக்கிறது. பன்றிக் காது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை வண்டலூருக்கு அழைத்துப் போக வேண்டும்.